தர்பல்லி: ஹிட்டைட் ஏடுகளில் உள்ள ஒரு லூவியக் கடன்சொல்லின் பொருளையும் பிறப்பையும் படிப்படியாகக் கண்டறியும் முறை

துருக்கியின் சோரும் மாகாணத்தில் போஆஸ்கலே என்னும் சிற்றூரை ஒட்டியுள்ள மேட்டில்தான் ஹிட்டைட் பேரரசின் தலைநகரான ஹத்தூசா இருந்தது. 1906இல் அங்கே அகழாய்வு தொடங்கியதிலிருந்து ஏறத்தாழ 30,000 களிமண் ஏடுகளும் ஏட்டுத் துண்டுகளும் கிடைத்துள்ளன. எழுத்து ஒன்றுதான், அது மெசொப்பொத்தேமியாவிலிருந்து வந்த ஆப்பெழுத்து. ஆனால் மொழி ஒன்றல்ல. அந்த ஏடுகளில் எட்டு மொழிகளின் தடயம் இருப்பதை 1919இல் எமில் ஃபோரர் எடுத்துக்காட்டினார். அவற்றுள் ஒன்று லூவியம். ஹிட்டைட்டுக்கு உடன்பிறந்த மொழி. அனத்தோலியாவின், அதாவது இன்றைய துருக்கியின் ஆசியப் பகுதியின், தெற்கிலும் மேற்கிலும் வழங்கியது. ஏடுகளே அதை 'லூவிலி', அதாவது 'லூவிய மொழியில்', என்று குறிக்கின்றன.

கி.மு. 13ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட ஹிட்டைட் ஏடு ஒன்றைக் கையில் எடுத்தால், பத்து வரிக்குள் ஒரு லூவியச் சொல்லாவது தட்டுப்பட்டுவிடும். அத்தகைய சொல்லின் பொருள் என்ன, அது உண்மையிலேயே லூவியத்திலிருந்துதான் வந்ததா என்று எவ்வாறு தீர்மானிப்பது என்பதை, 'தர்பல்லி' என்னும் ஒரே சொல்லை எடுத்துக்கொண்டு முதற்படியிலிருந்து இங்கே செய்து காட்டுகிறேன். பல சொற்களுக்கு ஒவ்வொரு வரி எழுதுவதைவிட ஒரு சொல்லை அடிவரை தோண்டுவதே முறையைக் கற்பிக்கும் என்பது என் கருத்து.

ஹிட்டைட் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். ஆய்வாளர்கள் 'ஷ்' என்று எழுத்துப்பெயர்க்கும் ஒலி பெரும்பாலும் 'ஸ்' என்றே ஒலித்ததால் அதை ஸகரமாக எழுதியிருக்கிறேன்.

முதற்படி: ஏட்டில் உள்ள வடிவத்தை அப்படியே எழுதிக்கொள்ளுதல்

அகராதியில் இருக்கும் வடிவத்திலிருந்து தொடங்கக் கூடாது. களிமண்ணில் பதிந்திருக்கும் குறிகளிலிருந்தே தொடங்க வேண்டும். ஆப்பெழுத்து அசையெழுத்து என்பதால், நம் சொல் 'தர்-ப-அல்-லி-இஸ்' என்று ஐந்து குறிகளாகவோ, 'தர்-பல்-லி-இஸ்' என்று நான்கு குறிகளாகவோ எழுதப்படும். இவ்விரண்டும் ஒரே சொல்தான். ஆனால் முதற்குறியைப் பாருங்கள்: 'தர்' என்று நாம் படிக்கும் அதே குறியை 'ஹஸ்' என்றும் படிக்கலாம். 'தர்' என்பதே சரி என்று எப்படித் தெரிகிறது என்றால், அதே அடியிலிருந்து பிறந்த மற்றச் சொற்களும் அதே வாசிப்பைத்தான் ஏற்கின்றன. 'ஹஸ்' என்று படித்தால் எதனோடும் பொருந்தாத ஒரு சொல் கிடைக்கும். இந்தச் சோதனையைச் செய்யாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். தவறாகப் படித்த ஒரு குறியின் மேல் கட்டப்பட்ட சொற்பிறப்புகள் இத்துறையில் நிறையவே உண்டு.

அடுத்து, பகரம் வல்லொலியா மெல்லொலியா என்னும் கேள்வி. மற்ற மொழிக்காரர்களுக்கு இது குழப்பம் தரும். தமிழ் படிப்பவருக்கு வீட்டு விஷயம். 'அபயம்' என்பதில் உள்ள ஒற்றைப் பகரத்தை நாம் ஒரு விதமாகவும், 'அப்பம்' என்பதில் உள்ள இரட்டைப் பகரத்தை வேறு விதமாகவும் ஒலிக்கிறோம், எழுத்து ஒன்றே. ஹிட்டைட் எழுதுநர்களும் ஏறக்குறைய இதையேதான் செய்தார்கள். உயிர்களுக்கு இடையே இரட்டித்து எழுதினால் வன்மை, ஒற்றையாக எழுதினால் மென்மை. இதை 1932இல் எட்கர் ஸ்டர்ட்டெவன்ட் முறையாக எடுத்துரைத்ததால் அவர் பெயரிலேயே ஒரு விதியாக வழங்குகிறது. நம் சொல்லில் பகரம் ரகர மெய்க்குப் பின் வருகிறது. அந்த இடத்தில் இரட்டித்து எழுத அசையெழுத்தில் வழியில்லை. ஆகவே எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு இந்தப் பகரத்தின் தன்மையைச் சொல்லவே முடியாது என்று இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். கிரேக்கத்தோடு ஒப்பிடும்போது இந்தக் குறிப்பு மீண்டும் தேவைப்படும்.

இரண்டாம் படி: குடும்பத்தைத் திரட்டுதல்

ஒரு சொல் தனியாக இருந்தால் ஊமை. உறவினர்களோடு இருந்தால்தான் பேசும். ஏடுகளில் தேடினால் 'தர்பல்லி', 'தர்பஸ்ஸா', 'தர்பனல்லி' என்று மூன்று வடிவங்கள் கிடைக்கின்றன. மூன்றுக்கும் பொதுவானது 'தர்ப' என்னும் பகுதி. ஒவ்வொரு வருகையையும் குறித்துக்கொள்ளும்போது ஏட்டின் வகை, இயற்றப்பட்ட காலம், நம் கையில் உள்ள படி (பிரதி) எழுதப்பட்ட காலம் ஆகிய மூன்றையும் தனித்தனியாக எழுதுங்கள். பழைய ஹிட்டைட் காலத்தில் இயற்றப்பட்ட நூலுக்கு 13ஆம் நூற்றாண்டுப் படி மட்டுமே எஞ்சியிருப்பது மிக இயல்பு. படியெடுத்தவர் தமக்குப் பழகிய சொல்லை இடையில் செருகியிருக்கலாம். எனவே குறிகளின் வடிவத்தை வைத்துப் படியின் காலத்தைக் கணிக்காமல், 'இச்சொல் பழைய காலத்திலேயே வந்துவிட்டது' என்று எழுதிவிடக் கூடாது.

தேடுவதற்கு, ஹிட்டைட் நூல்களுக்கு எண் இட்டு பிரெஞ்சு அறிஞர் எமானுவேல் லரோஷ் வகுத்த பட்டியலையே அனைவரும் பயன்படுத்துகிறார்கள். எந்த ஏட்டுத் துண்டு எந்த நூலைச் சேர்ந்தது என்பதை மைன்ஸ் நகரத்து ஹிட்டைட்டியல் இணையத் தொகுப்பில் அந்த எண்ணைக் கொண்டே பார்க்கலாம்.

மூன்றாம் படி: சொல் நிற்கும் இடத்திலிருந்து பொருளை எடுத்தல்

இந்தப் படிக்குத்தான் நேரம் மிகுதியாகச் செல்லும், செல்லவும் வேண்டும். சொற்பிறப்பைப் பார்த்துப் பொருள் சொல்வது தலைகீழான வேலை. ஏட்டில் அந்தச் சொல்லால் குறிக்கப்பட்டவர் அல்லது குறிக்கப்பட்ட பொருள் என்ன செய்கிறது, அதற்கு என்ன நேர்கிறது என்று பார்த்தே பொருளை முடிவுசெய்ய வேண்டும். நம் சொல்லுக்கு மூன்று இடங்கள் போதுமானவை.

முதலாவது, லரோஷ் பட்டியலில் 419ஆம் எண் பெற்ற அரச சடங்கு. ஹான்ஸ் மார்ட்டின் கும்மல் 1967இல் இதை விரிவாகப் பதிப்பித்தார். மன்னனுக்குச் சாவு நேரும் என்று தீக்குறி தோன்றிவிட்டது. மன்னன் சந்திரக் கடவுளின் முன் நின்று, நீ காட்டிய குறி எனக்குத் தீமையையே சொன்னதென்றால், இதோ என் இடத்தில் தர்பல்லிகளைத் தந்துவிட்டேன், இவர்களை எடுத்துக்கொண்டு என்னை விட்டுவிடு, இவர்கள் சாகட்டும், நான் சாக வேண்டாம் என்னும் பொருள்பட வேண்டுகிறான். பிறகு ஒரு போர்க்கைதியைக் கொண்டுவந்து, அரசபதவிக்கு உரிய நறுநெய்யை அவன்மேல் பூசுகிறார்கள், அரச உடையை உடுத்துகிறார்கள், முடியை அணிவிக்கிறார்கள். இவனே அரசன், தீக்குறியே, குறுகிய ஆண்டுகளே, குறுகிய நாட்களே, இவனைத் தொடர்ந்து செல்லுங்கள் என்று மன்னன் சொல்கிறான். அதன்பின் நடப்பது கவனிக்கத்தக்கது. அசீரியாவில் இதேபோல் அமர்த்தப்பட்ட மாற்று மன்னன் கொல்லப்பட்டான். ஹிட்டைட் சடங்கிலோ கைதியை ஓர் அதிகாரி அவனுடைய சொந்த நாட்டுக்கே கொண்டுபோய் விடுகிறார். தீமை அவனோடு சேர்ந்து எல்லை கடந்துவிட வேண்டும் என்பது எண்ணம். பகை நாட்டுக்குத் தீமையை ஏற்றுமதி செய்வதில் அவர்களுக்குக் கூச்சம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

இரண்டாவது, கிஸ்ஸுவத்னா நாட்டைச் சேர்ந்த மாஸ்திக்கா என்னும் பெண்ணின் பெயரில் உள்ள சடங்கு. பட்டியல் எண் 404. தந்தைக்கும் மகனுக்கும், கணவனுக்கும் மனைவிக்கும், உடன்பிறந்தவர்களுக்கும் இடையே வீட்டில் சண்டை மூண்டால் செய்வது. ஓர் ஆட்டை ஓட்டி வருகிறார்கள். சடங்கு நடத்தும் மூதாட்டி, இதோ உங்களுக்குத் தர்பல்லி, உங்கள் உடல்களுக்கு இது தர்பல்லியாக இருக்கட்டும் என்று சொல்கிறாள். சண்டையிட்ட இருவரும் அந்த ஆட்டின் வாய்க்குள் துப்புகிறார்கள். தாங்கள் ஒருவர்மேல் ஒருவர் விட்ட சாபங்களைத் துப்பிவிடுவதாகப் பொருள். பிறகு நிலத்தைத் தோண்டி ஆட்டை அதில் வெட்டிப் புதைத்து, மேலே மண்ணைச் சமப்படுத்துகிறார்கள்.

இவ்விரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் பொருள் தானாகவே வெளிப்படும். ஒன்று மனிதன், மற்றொன்று விலங்கு. ஒன்று உயிரோடு அனுப்பப்படுகிறது, மற்றொன்று புதைக்கப்படுகிறது. ஆகவே 'பலி' என்பதும் 'உயிர்ப்பலி' என்பதும் பொருளாக முடியாது. இரண்டுக்கும் பொதுவாக எஞ்சுவது 'ஒருவருக்கு வரவேண்டியதைத் தன்மேல் வாங்கிக்கொள்ள அவர் இடத்தில் நிற்பது' என்பதே. தமிழில் 'மாற்று' அல்லது 'ஈடாக நிற்பது' என்று எழுதலாம்.

மூன்றாவது இடம் இந்த முடிவுக்கு ஒரு சோதனை. ஹிட்டைட் மொழியில் உள்ள தெய்வக் கதைப் பாடலான உல்லிக்கும்மி பாடலின் தொடக்கத்தில், பதவி இழந்த கடவுளான குமர்பி, புயல் தெய்வத்தை வீழ்த்தத் திட்டமிடுகிறான். அவன் செய்வதாகப் பாடல் சொல்வது, புயல் தெய்வத்துக்கு எதிராக ஒரு 'தர்பனல்லி'யை வளர்க்கிறான் என்பது. அந்தத் தர்பனல்லிதான் கல்லால் ஆன உல்லிக்கும்மி. கண்ணும் தெரியாது, காதும் கேளாது. உபெல்லூரி என்னும் பூதத்தின் தோளில் நின்று வானளாவ வளர்கிறான். இங்கே 'மாற்று' என்னும் பொருளை நேராகப் போட்டால் வாக்கியம் உடைந்துவிடும். புயல் தெய்வத்தின் துன்பத்தை ஏற்றுக்கொள்ளவா உல்லிக்கும்மி வளர்க்கப்படுகிறான்? இல்லை, அவனுடைய இடத்தைப் பறிக்கவே வளர்க்கப்படுகிறான். ஆகவே இங்கே பொருள் 'போட்டியாளன்', 'எதிரி'.

காப்பாற்ற நிற்பவனுக்கும் கவிழ்க்க நிற்பவனுக்கும் ஒரே அடிச்சொல் இருக்க முடியுமா என்று ஐயம் எழுவது இயல்பு. தமிழர்களுக்கு இந்த ஐயம் நீடிக்கத் தேவையில்லை. நம் மொழியில் 'மாற்று ஆள்' என்றால் நமக்காக வேலைக்கு வருபவர். 'மாற்றாந்தாய்' என்றால் தாயின் இடத்துக்கு வந்தவள். 'மாற்றான்' என்றால் பகைவன். 471ஆம் குறளில் 'மாற்றான் வலியும்' என்று வரும் இடத்தில் அதற்குப் பகைவன் என்பதைத் தவிர வேறு பொருள் இல்லை. இதனால் தர்பனல்லிக்கும் மாற்றானுக்கும் உறவு இருக்கிறது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு துளி உறவும் கிடையாது. ஒருவருடைய இடத்தில் வந்து நிற்பது என்னும் கருத்திலிருந்து இரு பொருள்களும் கிளைப்பது மனித மொழிக்கு இயல்பு என்பதற்கு மட்டுமே இது சான்று. இத்தகைய இணையான வளர்ச்சியை வேறொரு மொழியில் காட்ட முடிந்தால், இரண்டு பொருள்களையும் ஒரே பதிவின் கீழ் வைக்கும் துணிவு வரும். காட்ட முடியாவிட்டால் ஒலிப்பில் ஒத்த இரு வேறு சொற்கள் என்னும் வாய்ப்பைத் திறந்தே வைக்க வேண்டும்.

நான்காம் படி: சாய்ந்த ஆப்பைத் தேடுதல்

ஹிட்டைட் எழுதுநர்கள் சில சொற்களுக்கு முன் ஒன்று அல்லது இரண்டு சாய்ந்த ஆப்புகளை இடுவார்கள். ஜெர்மன் அறிஞர்கள் இதற்குக் 'குளோசன்கைல்', அதாவது விளக்க ஆப்பு, என்று பெயரிட்டார்கள். தமிழ் இதழ்களில் ஆங்கிலச் சொல்லை ஒற்றை மேற்கோளுக்குள் போடுகிறோம் அல்லவா, ஏறக்குறைய அந்த வேலையைத்தான் இது செய்கிறது. இப்படிக் குறிக்கப்பட்ட சொற்களில் பெரும்பாலானவை லூவியச் சொற்கள் என்பதால், தொடக்கநிலை ஆய்வாளர்கள் ஆப்பைக் கண்டவுடன் 'லூவியம்' என்று எழுதிவிடுகிறார்கள்.

அது போதாது. நம் இதழ்களிலேயே 'பஸ்' என்பதற்கு மேற்கோள் குறி இடுவாரும் உண்டு, இடாதாரும் உண்டு. சில நேரம் தூய தமிழ்ச் சொல்லுக்கும் வேறு காரணத்துக்காக இடுவார்கள். ஆப்பின் கதையும் அதேதான். ஆப்பு இடப்பட்டவற்றில் லூவியம் அல்லாதவையும் உண்டு. ஐயமே இல்லாத லூவியச் சொற்கள் ஆப்பு இல்லாமல் வருவதும் உண்டு. ஒரே சொல் ஓர் ஏட்டில் ஆப்போடும் மற்றோர் ஏட்டில் ஆப்பின்றியும் வந்தால், அது மொழியில் கலந்து பழகிவிட்ட கடன்சொல் என்று எண்ண இடமுண்டு. ஆப்பை நோய்க்குறியாக எடுத்துக்கொள்ளுங்கள். நோயை முடிவுசெய்யும் சோதனை அடுத்த படியில் இருக்கிறது.

ஐந்தாம் படி: சொல்லின் உடலை அறுத்துப் பார்த்தல்

சொல்லின் பிறப்பைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் அதன் விகுதிகள்தாம். இருமொழிகளுக்கும் இடையே உள்ள சில வேறுபாடுகளை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும். ஹிட்டைட்டில் படர்க்கை நிகழ்கால வினை '-ஸி' என்று முடியும். லூவியத்தில் '-தி' என்று முடியும். ஹிட்டைட்டின் எச்சம் '-அந்த்' கொள்ளும். லூவியம் '-ம்மி' கொள்ளும். உடைமைப் பொருளுக்கு ஹிட்டைட் ஆறாம் வேற்றுமையைப் பயன்படுத்தும் இடங்களில் லூவியம் '-அஸ்ஸி', '-அஸ்ஸா' என்னும் ஒட்டைச் சேர்த்துப் பெயரடையாக்கிவிடும்.

இன்னொரு வேறுபாடு மிகவும் உதவியானது. லூவியத்தில் உயர்திணை அஃறிணைப் பொதுப்பாலாகிய பெயர்கள் எழுவாய் வேற்றுமையிலும் செயப்படுபொருள் வேற்றுமையிலும் இறுதியில் ஓர் இகரத்தை ஏற்கும். தந்தைக்கு ஹிட்டைட்டில் 'அத்தஸ்', லூவியத்தில் 'தாதிஸ்'. தாய்க்கு ஹிட்டைட்டில் 'அன்னஸ்', லூவியத்தில் 'அன்னிஸ்'. ('அத்தன்', 'அன்னை' என்று உடனே மனம் தாவும். தாவ விடாதீர்கள், குழந்தை வாயில் பிறக்கும் இத்தகைய சொற்கள் உலகம் முழுவதும் ஒத்திருக்கும், உறவுக்கு அவை சான்றாகா.)

இப்போது நம் சொல்லை அறுப்போம். 'தர்ப' என்னும் அடியோடு '-அல்லி' சேர்ந்து தர்பல்லி. '-அஸ்ஸா' சேர்ந்து தர்பஸ்ஸா. '-அன்' என்னும் இடைநிலை சேர்ந்து அதன்மேல் '-அல்லி' வந்து தர்பனல்லி. '-அல்லி' என்பது லூவியத்தில் மிகப் பரவலாக வழங்கும் ஒட்டு. 'ஹீருத்' என்றால் ஆணை, சத்தியம். அதிலிருந்து 'ஹீருதல்லி', ஆணைக்கு உரியது. ஹிட்டைட்டிலும் இதற்கு ஒத்த '-அல்லா' உண்டு. திறை செலுத்துபவனைக் குறிக்கும் 'அர்கம்மனல்லா' ஓர் எடுத்துக்காட்டு. ஆனால் அது அகரத்தில் முடிகிறது, நம் சொல் இகரத்தில் முடிகிறது. தர்பல்லி, தர்பனல்லி இரண்டிலும் அந்த இகரம் நிலையாக நிற்பதும், மூன்றாவது உறவினருக்கு '-அஸ்ஸா' வாய்த்திருப்பதும் சேர்ந்தே நம்மை லூவியத்தின் பக்கம் தள்ளுகின்றன. இவற்றில் ஒன்று மட்டும் இருந்திருந்தால் நான் அந்த முடிவுக்கு வந்திருக்க மாட்டேன். '-அஸ்ஸா' போன்ற இறுதி தற்செயலாகவும் அமையக்கூடியது.

இங்கேயே மற்றொரு கேள்விக்கும் விடை தேடிக்கொள்ளலாம். ஏட்டில் இருப்பது கடன்சொல்லா, அல்லது எழுதுநர் ஒரு கணம் லூவியத்துக்குத் தாவி எழுதிய சொல்லா? சொல்லின்மேல் ஏறியிருக்கும் வேற்றுமை விகுதியைப் பாருங்கள். பன்மைச் செயப்படுபொருளுக்கு '-உஸ்' இருந்தால் ஹிட்டைட் இலக்கணம் அந்தச் சொல்லைத் தத்தெடுத்துவிட்டது என்று பொருள். '-இன்ஸா' இருந்தால் சொல் இன்னும் பிறந்த வீட்டு உடையில்தான் இருக்கிறது. 'டாக்டர்கள்' என்பது தமிழ்ச் சொல்லாகிவிட்டது, 'டாக்டர்ஸ்' ஆகவில்லை என்னும் அதே வேறுபாடு. ஒருமைச் செயப்படுபொருளில் இரு மொழிகளும் னகர விகுதியையே கொள்வதால் 'தர்பனல்லின்' போன்ற வடிவத்தை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது.

ஆறாம் படி: ஒலிகளைச் சோதித்தல்

வேறு பல சொற்களுக்கு இதுவே வலிமையான படி. கை என்பதற்கு ஹிட்டைட்டில் 'கெஸ்ஸர்', லூவியத்தில் 'இஸ்ஸரி'. மண்ணுக்கு ஹிட்டைட்டில் 'தேகன்', லூவியத்தில் 'தியம்மி'. இதயத்துக்கு ஹிட்டைட்டில் 'கேர்', லூவியத்தில் 'ஸார்த்'. ககர வகை ஒலிகள் லூவியத்தில் இழந்தோ திரிந்தோ போயிருப்பதை இவை காட்டுகின்றன. தர்பல்லியில் ககரம் இல்லை. இருமொழிகளிலும் வேறுபட்டு ஒலிக்கக்கூடிய எதுவுமே இல்லை. எனவே இந்தப் படி நமக்கு ஆதரவாகவும் பேசவில்லை, எதிராகவும் பேசவில்லை. அப்படியே குறிப்பில் எழுதிவிட்டுக் கடந்துவிடலாம்.

ஏழாம் படி: மாற்று விளக்கங்களுக்கு இடம் கொடுத்தல்

ஹத்தூசாவில் சடங்குச் சொற்கள் பல திசைகளிலிருந்து வந்து சேர்ந்தன. ஆகவே 'இது ஏன் ஹுர்ரியம் (வட சிரியா, வட மெசொப்பொத்தேமியப் பகுதிகளில் வழங்கிய மொழி) அல்ல, ஏன் அக்காடியம் (பாபிலோனியர், அசீரியரின் மொழி) அல்ல' என்று நாமே நம்மைக் குறுக்கு விசாரணை செய்துகொள்ள வேண்டும். இதே பொருட்களத்தில் உள்ள இரண்டு சொற்கள் இதற்குத் துணைசெய்கின்றன.

'நக்குஸ்ஸி' என்பது தீமையை ஏற்றித் துரத்திவிடப்படும் விலங்கு அல்லது மனிதன். அதன் அடி ஹுர்ரிய வினையான 'நக்க்-', விட்டுவிடு என்பது. 'புஹுகரி' என்பது மாற்றாகத் தரப்படும் எருது. அக்காடிய 'பூஹு', அதாவது மாற்று, என்பதன்மேல் ஹுர்ரிய ஒட்டு ஏறிப் பிறந்த சொல். மன்னன் இரண்டாம் முர்சிலியின் பேச்சு நின்றுபோனதைப் பற்றிய ஏட்டில் இந்தச் சொல் வருகிறது. தில்-குன்னுவை நோக்கிச் செல்லும் வழியில் பெரும் இடியொன்றில் அஞ்சிய மன்னனுக்குச் சொற்கள் தடுமாறின. பல ஆண்டுகளுக்குப்பின் கனவில் தெய்வத்தின் கை தொட, வாய் ஒருபுறம் கோணியது. குறி பார்த்ததில் மனுஸ்ஸியாவின் புயல் தெய்வத்துக்கு மாற்று எருது அனுப்ப வேண்டும் என்று வந்தது. மன்னன் அந்த எருதின்மேல் கை வைத்தான். அச்சம் நேர்ந்த நாளில் அவன் உடுத்தியிருந்த உடையும், இடைக்கச்சும், குத்துவாளும், காலணியும், தேரும் வில்லும் அம்பறாத்தூணியும் குதிரைகளும்கூட எருதோடு கும்மன்னிக்கு அனுப்பப்பட்டன.

செய்யும் வேலை தர்பல்லியின் வேலையேதான், ஆனால் சொல் வேறு. காரணம் வெளிப்படை: கும்மன்னி கிஸ்ஸுவத்னாவின் வழிபாட்டு நகரம், அங்கே ஹுர்ரிய வழக்கம் வலுவாக இருந்தது. ஹுர்ரியச் சடங்கு தன் சொல்லையும் கூடவே கொண்டுவந்தது. நக்குஸ்ஸிக்கும் புஹுகரிக்கும் ஹுர்ரிய அடியோ ஒட்டோ கையில் எடுத்துக் காட்ட முடிகிறது; தர்பல்லிக்கு அப்படி எதுவும் காட்ட முடியவில்லை. மாறாக லூவிய ஒட்டுகள் கிடைக்கின்றன. குறுக்கு விசாரணையில் சாட்சி நிலைகுலையவில்லை.

எட்டாம் படி: அடியின் அடிக்குப் போதல்

லூவியச் சொல் என்று நிறுவியபின் அதற்கும் முன்னால் என்ன என்ற கேள்வி வரும். ஹிட்டைட், லூவியம், கிரேக்கம் முதலியவற்றுக்குத் தாயாகக் கருதப்படும் தொல் இந்தோ-ஐரோப்பிய மூலமொழியில் 'திருப்புதல்' என்னும் பொருளுடைய 'த்ரெப்-' என்னும் வேரை மீட்டுருவாக்கியிருக்கிறார்கள். கிரேக்கத்தின் 'த்ரெபோ', திருப்புகிறேன் என்பது, அதன் வழிவந்தது. ஹிட்டைட்டில் உழுதல் என்னும் பொருளுடைய 'தெரெப்ப்-' என்பதையும் இதனோடு சேர்ப்பார்கள். உழவு என்பது மண்ணைப் புரட்டுவதுதானே. தர்பல்லியையும் இந்த வேரோடு இணைத்தால், திருப்புதல், மாறுதல், மாற்றாக நிற்றல் என்று பொருள் படிப்படியாக ஓடுகிறது.

ஓடுகிறது என்பதாலேயே உண்மையாகிவிடாது. மூன்றாம் படியில் ஏடுகளிலிருந்து எடுத்த பொருளும் ஐந்தாம் படியில் கண்ட ஒட்டுகளும் கல்லில் நிற்பவை. இந்த எட்டாம் படி மணலில் நிற்பது. பதிவு எழுதும்போது இரண்டையும் ஒரே குரலில் எழுதாதீர்கள். முன்னதை வினைமுற்றால் முடியுங்கள், பின்னதைக் கேள்விக்குறியோடு அடைப்புக்குள் வையுங்கள்.

ஒன்பதாம் படி: கடல் கடந்த உறவினர்களை ஐயத்தோடு பார்த்தல்

இரண்டு ஒப்பீடுகள் இச்சொல்லைப் பற்றிய பேச்சில் அடிக்கடி எழும். ஒன்று எபிரேயம். விவிலியத்தில் ராகேல் தன் தந்தை லாபானின் வீட்டிலிருந்து திருடிச் சென்ற இல்லத் தெய்வ உருவங்களுக்குத் 'தெராபீம்' என்று பெயர். இதை ஹிட்டைட் சொல்லொன்றோடு 1968இல் ஹாரி ஹாஃப்னர் இணைத்தார். ஆனால் அவர் இணைத்தது தர்பல்லியை அன்று, 'தர்பி' என்னும் வேறொரு சொல்லை. அது ஓர் ஆவியின் பெயர். சொற்பட்டியல் ஏட்டில் அக்காடிய 'ஷேது' என்பதற்கு நேராக வைக்கப்பட்டுள்ளது. குறிப்பட்டைகளை அகர வரிசையில் அடுக்கியபோது நானே இவ்விரண்டையும் ஒரே கட்டில் போட்டு, பல வாரங்கள் தர்பல்லிக்கு 'காவல் ஆவி' என்றொரு பொருளையும் சுமந்து திரிந்தேன். ஏட்டின் வரிகளுக்குத் திரும்பிப் போய்ப் பார்த்தபோதுதான், அந்தப் பொருள் தேவைப்படும் இடம் ஒன்றுகூட இல்லை என்பது தெரிந்தது.

மற்றொன்று கிரேக்கம். 'தெராபோன்' என்னும் கிரேக்கச் சொல்லை நாம் பணியாள், தோழன் என்று மொழிபெயர்க்கிறோம். ஹோமரின் இலியத் காவியத்தில் வீரன் அக்கிலீசின் தெராபோன் என்று அழைக்கப்படுபவன் பட்ரோக்லஸ். அவன் அக்கிலீசின் கவசத்தை அணிந்துகொண்டு, அக்கிலீசாகவே தோன்றிப் போர்க்களம் புகுந்து, அங்கே மடிகிறான். 1959இல் நாடியா வான் ப்ரோக் இந்தச் சொல்லின் மூலம் அனத்தோலியாவின் தர்பல்லி, தர்பஸ்ஸா குடும்பம்தான் என்று முன்மொழிந்தார். அரச உடையை அணிவித்து அனுப்பப்படும் கைதியையும், தலைவனின் கவசத்தை அணிந்து மடியும் தோழனையும் அருகருகே வைத்துப் பார்ப்பவருக்கு அந்த முன்மொழிவின் கவர்ச்சி புரியும். எனக்கும் அது மிகவும் பிடித்தமானது. பிடித்தமானது என்பதாலேயே கூடுதலாகச் சோதிக்கிறேன்.

தடைகள் இரண்டு. கிரேக்கச் சொல்லின் முதல் ஒலி மூச்சொலியோடு கூடிய தகரம். அனத்தோலியத் தகரம் அப்படி ஏன் மாறியது என்பதற்கு உறுதியான விதி இல்லை. நடுவில் உள்ள பகரத்தின் தன்மையை எழுத்து காட்டாது என்று முதற்படியிலேயே குறித்துவைத்தோம். ஆகவே அங்கிருந்தும் உதவி கிடைக்காது. மேலும் கிரேக்கச் சொற்பிறப்பில் பெயர் பெற்ற ராபர்ட் பேக்கஸ், தெராபோனைக் கிரேக்கர்களுக்கு முன் அந்நிலத்தில் வாழ்ந்தவர்களின் மொழியிலிருந்து வந்த சொல்லாகவே கருதினார்.

தெராபோனின் வினைவடிவம் முதலில் பணிவிடை செய்தலையும் பின்னர் நோயாளியைப் பேணுதலையும் குறித்து, ஐரோப்பிய மொழிகள் வழியாகப் பயணித்து, இன்று நம் தெருமுனைப் பெயர்ப்பலகைகளில் 'பிசியோதெரபி' என்று நிற்கிறது. கிரேக்கத்திலிருந்து பெயர்ப்பலகை வரையிலான பகுதியில் ஐயம் இல்லை. அதற்கு முன்னால் உள்ள துண்டை, ஹத்தூசாவிலிருந்து கிரேக்கம் வரையிலான துண்டை, என் குறிப்பட்டையில் இன்னமும் பென்சிலால்தான் எழுதி வைத்திருக்கிறேன்.